நீனோ என்று ஒருவர்

பெரியவர்களைத் திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்யும் பணியை இந்த ஆண்டு ஏற்றிருக்கும் உங்களுக்கு, அப்பணியிலிருந்து இறங்கிவிட்ட ஒருவன் இதை எழுதுகிறேன். பாடத்திட்டமும் செபங்களும் கேள்வி பதில்களும் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. தந்தை, மகன், தூய ஆவியார் என்னும் மூவொரு இறைவனைப் பற்றிய பாடத்தைக் குறித்து மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பாடம் நடக்கும் நாளில் வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு விரைந்துவிடாதீர்கள். யாராவது ஒருவர் கதிரையை விட்டு எழும்பாமல் இருப்பார். அவருக்காக நில்லுங்கள்.

பழைய துதிப்பாக்களை வாய்ப்பாடமாகக் கொண்டு வளர்ந்தவன் நான். அந்தப் பாக்கள் இறைவனை நோக்கிப் பேசுகின்றனவே தவிர, இறைவனை விளக்க முற்படுவதில்லை. ஓரடியில் அவனை நெருங்கிவிட்டதாகக் களிப்பவர், அடுத்த அடியில் எட்டவில்லையே என்று கலங்கி நிற்பார். கலக்கமும் களிப்பும் சேர்ந்தே பாட்டாகும். வகுப்பறையில் நிற்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. எதிரில் இருப்பவர் வேலை முடிந்த களைப்போடு நிமிர்ந்து பார்த்து, "மூண்டோ, ஒண்டோ? சரியாச் சொல்லுங்கோ" என்று கேட்டுவிடுவார்.

இப்பணியை எனக்குக் கையளித்த உபதேசியார் மன்னார்ப் பக்கத்தவர். இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்தில் நாப்போலிக் கப்பல்களைக் கழுவும் வேலை செய்தவர். அவர் எனக்குச் சொன்ன அறிவுரை ஒன்றே ஒன்று: "ஒருவர் மூவொரு இறைவனுக்கு உவமை சொல்லும்போது கடவுள் தெரிகிறாரோ இல்லையோ, சொல்கிறவருடைய வீடு தெரியும்." ஒருமுறை அவருடைய வகுப்பில் ஒரு பெண், மூவொரு இறைவன் ஒரே கதவில் போட்ட மூன்று பூட்டுப் போல என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அவ்வுவமையின் பிழையைத் திருத்த வாயெடுத்தேன். உபதேசியார் என்னைக் கையமர்த்திவிட்டு அந்தப் பெண்ணிடம், "ஆருக்குப் பயந்து பிள்ளை, மூண்டு பூட்டுப் போட்டனீங்கள்?" என்று கேட்டார். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பாடம் அத்தோடு நின்றது. அன்றைக்குச் செய்யவேண்டியிருந்த வேலை வேறாகிவிட்டது.

அந்த அறிவுரையின் முழுப் பாரமும் என்மேல் இறங்கியது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில்.

அப்போது எங்கள் வகுப்பு பலேர்மோவின் கபோச் சந்தைக்குப் பின்னாலிருந்த பழைய கோவில் ஒன்றின் பக்க அறையில் நடந்தது. அங்கே வந்தவர்களில் ஒருவர் யோகன். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்துப் பிள்ளை. நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே புறப்பட்டறியாத தகப்பனுக்கு மூத்த மகன். கண்பார்வை ஏறக்குறைய அற்றுப்போன, காதும் மந்தமான ஒரு சின்யோராவை, இத்தாலிய அம்மையாரை, அவருடைய வீட்டிலேயே பராமரித்து வந்தார். அந்த அம்மையாரைப் பூசைக்குக் கைபிடித்து அழைத்து வந்து, முடியும்வரை கடைசி வாங்கில் அமர்ந்திருப்பார். சில மாதங்கள் சென்றபின் வாங்கு வாங்காக முன்னேறினார். ஒருநாள் என்னிடம் வந்து, "எனக்கும் படிப்பிப்பீங்களோ?" என்று கேட்டார். கலியாணத்துக்காகவோ சலுகைக்காகவோ அல்ல, மனம் இழுத்ததால் வந்தவர் என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை.

மூவொரு இறைவன் பெருவிழாவன்று அவருக்குத் திருமுழுக்கு என்று முடிவாயிற்று. சின்யோரா தாமே ஞானத்தாயாக நிற்க ஆசைப்பட்டார். அந்த ஆசைக்குள் ஒரு அவசரமும் இருந்தது. அவருக்கு நினைவு பிசகுகிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நகரின் மறுகோடியில் வாழ்ந்த மகள், கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்தில் தாய்க்கு ஓர் அறை பேசி வைத்திருந்தார். பெருவிழா முடிந்த மறுநாள் சின்யோரா வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கே போகவேண்டும். தாம் பிறந்த வீட்டின் படிகளில் கடைசியாக இறங்கப்போகும் ஒருவர், அதற்கு முதல்நாள் ஒரு பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்க விரும்பினார்.

திருமுழுக்குக்கு முன் பங்குத்தந்தை ஒவ்வொருவரையும் நேரில் விசாரிப்பது வழக்கம். அவர் சிசிலியர், பருத்த உடம்பு, ஒளிவுமறைவில்லாத பேச்சு. யோகனிடம் வீட்டுவேலைக்குப் போதுமான இத்தாலியன் இருந்தது. விசுவாசத்தைப் பேசப் போதுமானது இல்லை. ஆகவே நான் நடுவில் அமர்ந்து மொழிபெயர்த்தேன். கேள்விகளுக்கெல்லாம் யோகன் தெளிவாகப் பதில் சொன்னார். பங்குத்தந்தைக்கு மனம் குளிர்ந்தது. கடைசியாக, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, "புத்தகத்தில் உள்ளது போதும். தந்தை, மகன், தூய ஆவியார். இதை அவருடைய சொந்த வாழ்க்கையிலிருந்து ஒன்றைக் காட்டிச் சொல்லட்டும்" என்றார்.

நான் கேட்டேன். யோகனின் முகம் மலர்ந்தது.

"அது எனக்கு நல்லா விளங்கினது, உபதேசியார். எங்கடை சின்யோரா வீட்டிலை இருக்கிறதுதான்."

"என்ன இருக்கு அங்கை?"

"நாங்கள்தான். காலமை நான். மத்தியானத்துக்குப் பிறகு தம்பி ராசன். பொழுதுபட்டா மச்சான் சிவம். சின்யோரா என்னைக் கூப்பிட வைச்ச பேர் நீனோ. இப்ப அவவுக்கு எல்லாரும் நீனோதான். ஆள் மூண்டு, நீனோ ஒண்டு. அவ கூப்பிடுறது ஒருத்தனை. ஆர் நிண்டாலும் ஓமெண்டு வாறது நீனோ. முந்தி எனக்கு உது ஒரே குழப்பம். பிறகு ஒருநாள் ஏப்ரனைக் கழட்டி ராசன்ரை கையிலை குடுக்கேக்கை பளிச்செண்டு விளங்கிச்சுது."

சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார். பங்குத்தந்தையும் மொழிபெயர்ப்புக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. அக்காலத்தில் நம்மவர்களிடையே ஒருவர் காய்ச்சலில் படுத்தால், அவர் வேலை போய்விடாதபடி அவரோடு தங்கியிருக்கும் இன்னொருவர் அவருடைய இடத்துக்குப் போவார். படிக்கட்டுக் கழுவும் வேலையில், கடைகளின் பின்கட்டில், எந்த முதலாளியும் இரண்டாம் முறை முகத்தைப் பார்ப்பதில்லை. அதை ஒற்றுமையென்றே நாங்கள் எண்ணியிருந்தோம். ஆனால் பார்வையற்ற ஒரு முதியவளின் வீட்டுக்குள், அவளுடைய கட்டிலருகே, மூன்று ஆண்கள் ஒரே பெயரைப் போர்த்துக்கொண்டு மாறிமாறி நிற்கிறார்கள் என்பது நான் கனவிலும் கருதாதது. அந்த வீட்டு மகளோ பங்குத்தந்தையின் நெடுநாள் அறிமுகம்.

மொழிபெயர்த்தால், அங்கே இல்லாத இரண்டு பேருடைய பிழைப்பு என் வாயால் போய்விடும். வேறெதையாவது சொல்லி ஒப்பேற்றினால், இறைவனைப் பற்றிய விசாரணையில் நானே பொய் சொன்னவனாவேன். இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். அப்படிப்பட்ட வேளையில் வாய்க்குள் ஓர் அழகான உவமை தானாக ஊறும். சூரியன், ஒளி, வெப்பம் என்று அதை அவருடைய பதிலாக்கிச் சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியவராது. அதை விழுங்கிவிடுங்கள். பிறருடைய விசுவாசத்தை அழகாக்கிக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

"சுவாமி," என்றேன், "அவர் சொன்ன உவமை தவறு. ஆனால் அதை இப்போது மொழிபெயர்த்தால், இங்கே இல்லாத சிலருக்குத் தீங்கு வரும். எனக்குக் கொஞ்சம் தவணை தாருங்கள்."

பங்குத்தந்தை யோகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரையாவது கொன்றுவிட்டாரா?"

"இல்லை, சுவாமி."

"அப்படியானால் போங்கள். ஆனால் பெருவிழாவுக்கு முன் அந்தப் பதில் இத்தாலியனில் எனக்கு வந்தாக வேண்டும். கல்யாணப் பலகாரம் போல ஒன்றை மாற்றி ஒன்றைக் கொடுத்துவிட வேண்டாம்."

வெளியே சந்தை இரைந்துகொண்டிருந்தது. கூனைப்பூக் குவியல்களுக்கும் வாள்மீன் தலைகளுக்கும் நடுவே நாங்கள் இருவரும் நடந்தோம்.

"நான் என்ன பிழை சொன்னனான்?" என்றார் யோகன். "உங்கடை முகம் சவம் மாதிரிப் போட்டுது."

"சின்யோராவுக்கு நீங்கள் மூண்டு பேரெண்டு தெரியாதோ?"

"தெரிஞ்சா மகள் விடுவாவோ? வீட்டுக்குள்ளை ஒரு முகம்தான் வரலாமெண்டு முதல்நாளே சொல்லிப்போட்டா. இரவு பகலா ஒருத்தனாலை பாக்கேலுமோ, நீங்கள் சொல்லுங்கோ? எனக்கு வுச்சீரியாச் சந்தையிலை மீன்கடை வேலையும் இருக்கு. ஆனா அவவுக்கு ஒரு குறையும் இல்லை, உபதேசியார். ஒரே சவுக்காரம், ஒரே ஏப்ரன், ஒரே மாதிரிக் கதை. மூண்டு பேரும் தாய் மாதிரித்தான் பாக்கிறம்."

தம்மில் குற்றமில்லை என்பதில் அவருக்கு இருந்த உறுதி என்னை இன்னும் கலக்கியது. முதலில் பாடத்தையாவது நேராக்குவோம் என்று தொடங்கினேன்.

"யோகன், கடவுள் முறைவைச்சு வாறேல்லை. நீங்கள் ஏப்ரனைக் கழட்டிக் குடுத்தா உள்ளை நிக்கிறது ராசன், நீங்கள் மீன்கடையிலை. ஒருத்தர் வந்தா மற்றவர் போறார். பிதா, சுதன், ஆவியார் அப்பிடியில்லை. பிதா சுதன் இல்லை, சுதன் ஆவியார் இல்லை. ஆனா ஒருத்தர் இருக்கிற இடத்திலை மூண்டு பேரும் இருக்கினம். ஒருத்தரைக் கூப்பிட்டா மூண்டு பேரும் கேக்கினம். ஒருத்தருக்குச் சொன்னது மற்ற ரெண்டு பேருக்கும் தெரியாமல் இருக்கிறதெண்டு ஒண்டும் இல்லை."

"அப்ப நாங்கள் அதுக்கு நேர் எதிர்," என்று சிரித்தார் யோகன். "எங்களுக்குள்ளை கதைக்கிறதே இல்லை. நான் வீட்டை வரேக்கை ஒருத்தன் நித்திரை, மற்றவன் வேலை. ஏப்ரன் கைமாறேக்கை 'சாப்பிட்டவ, குளிசை குடுத்தாச்சு', அவ்வளவுதான்."

நாங்கள் ஒலிவுக்காய்க் கடையொன்றைத் தாண்டிக்கொண்டிருந்தோம். எதையும் கருதாமல்தான் கேட்டேன்: "சின்யோராவுக்கு ஞாபகம் பிசகுதெண்டு எப்பிடித் தெரியவந்தது?"

"நான்தான் மகளுக்குச் சொன்னனான். 'நீனோ, அந்தப் பிள்ளையைப் பற்றி நேற்றுச் சொன்னேனே' எண்டுவா. எனக்கெண்டா ஒண்டும் சொல்லேல்லை. 'இல்லை சின்யோரா, நீங்கள் சொல்லேல்லை' எண்டுவன். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பா. பிறகு, 'ஓம், சொல்லேல்லைப் போலதான்' எண்டுவா. கண்ணாலை தண்ணி ஓடும். அறளை பேந்திட்டுது, பாவம். ராசனும் சொன்னவன், அவனோடையும் உப்பிடித்தானாம், சொல்லாததைச் சொன்னனெண்டு…"

அந்தச் சொல்லிலேயே அவர் நின்றுவிட்டார். பின்னால் வந்த தள்ளுவண்டிக்காரன் வழிவிடச் சொல்லிக் கத்தினான். யோகன் அசையவில்லை.

சின்யோரா சொன்னார். மறக்கவில்லை. ஒரு நீனோவிடம் சொன்னார். இன்னொரு நீனோவிடம் அதைத் தொடர்ந்தார். அவனோ, நீங்கள் சொல்லவேயில்லை என்று உண்மையாகவே மறுத்தான். மூவரில் எவரும் பொய் பேசவில்லை. மூன்று உண்மைகள் ஒரே பெயருக்குள் நின்று ஒரு முதியவளின் புத்தியைப் பொய்யாக்கிவிட்டன. கண் போனபின் அவருக்கென்று மிஞ்சியிருந்தது நினைவு ஒன்றே. அதையும் நம்பக்கூடாது என்று அவருக்கு அன்பாக, பொறுமையாக, நாள்தோறும் கற்பித்திருக்கிறார்கள். மருத்துவர் முன் அவர் தடுமாறியதில் என்ன வியப்பு? தன் மனத்தின்மேல் தனக்கே நம்பிக்கையற்ற ஒருவர் எந்தக் கேள்விக்குத்தான் தடுமாறமாட்டார்?

"உபதேசியார்," என்றார் யோகன். "அவவை நாங்களோ விசராக்கினது?"

தள்ளுவண்டிக்கு வழிவிட்டு, அவருடைய கையைப் பிடித்து ஓரத்துக்கு அழைத்துச் சென்றேன்.

அடுத்த ஞாயிறு காலை, சின்யோராவோடு மகள் பூசைக்குப் போயிருந்த வேளையில், மூவரும் தங்கியிருந்த அறைக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடப் போவதாக யோகன் தம் முடிவைச் சொன்னதும் ராசன் பாயிலிருந்து துள்ளி எழுந்தார்.

"உனக்கு விசரோ, அண்ணை? உன்ரை ஞானஸ்நானத்துக்கு எங்கடை சோறோ? உங்கடை சாமிக்கு மூண்டு பேர் ஒரு ஆளா நிக்கலாமாம், நாங்கள் நிண்டா மட்டும் குற்றமாம்!"

மூலையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த சிவம், "கேள்வி சரிதானே, உபதேசியார்?" என்று மெல்லச் சொன்னார்.

"நான் அவவுக்குத் தலை இழுத்து விடுறனான்," என்றார் ராசன். "பெத்த தாய்க்குச் செய்யாததை அவவுக்குச் செய்யிறன். கள்ளன் எண்டு போய் நிக்கச் சொல்லுறியளோ?"

யோகன் சண்டைக்குப் போகவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார். "தம்பி, சின்யோரா உன்னட்டை ஒரு பிள்ளையைப் பற்றி ஏதும் கதைச்சவவோ?"

ராசனின் கோபம் பாதியில் அறுந்தது.

"அது… அது சொல்லக்கூடாத கதை. ஆருக்கும் சொல்லாததெண்டு என்னட்டைச் சொன்னவ. பிறந்த உடனை செத்த பிள்ளை. மகளுக்கும் தெரியாது. அதை நான் ஆருக்குச் சொல்ல? சாகும்வரைக்கும் சொல்லமாட்டன் எண்டு அவவின்ரை கையைப் பிடிச்சுச் சொன்னனான்."

சிவத்தின் கையிலிருந்த கோப்பை நின்றது.

"ராசன்… முந்தி ஒருநாள் என்னட்டைக் கேட்டவ, 'பிள்ளைக்கு மெழுகுதிரி கொளுத்தினியா' எண்டு. நான், 'எந்தப் பிள்ளை, சின்யோரா?' எண்டு கேட்டன்."

"என்னட்டையெல்லோ கொளுத்தச் சொன்னவ! நான் கொளுத்தினனான். மாதா பீடத்திலை. கும்பிட்டும் விட்டனான்." ராசன் அப்படியே நிலத்தில் குந்தி, நெற்றியில் அறைந்துகொண்டார். "நீ எந்தப் பிள்ளையெண்டு கேட்டனியோ? அப்பிடியோ கேட்டனீ? அவ என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டா."

ஒருவர் காத்த இரகசியம், காத்தவருடைய நேர்மையாலேயே சின்யோராவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நான் எத்தனையோ ஒப்புரவுகளையும் சண்டைகளையும் பார்த்தவன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

முதலில் ராசன்தான் எழுந்து சட்டையைப் போட்டார்.

"ஆரிட்டை முதல் சொல்லுறது, உபதேசியார்? மகளிட்டையோ?"

இது பயத்தில் எளிதாகத் தவறிவிடும் இடம். மகளிடம் சொன்னால் அது வேலைத்தலத்து மோசடியாகிவிடும். தாயின் காதுக்கு அவரவர் விருப்பப்படி அரைகுறையாகப் போய்ச் சேரும். "சின்யோராவிட்டை," என்றேன். "பறிபோனது அவவின்ரை புத்தி. அவவுக்குத்தான் முதல் சொல்லவேணும். நான் துணைக்கு வாறன். ஆனா வாய் உங்கடையா இருக்கோணும்."

நாங்கள் படியேறியபோது தாயும் மகளும் பூசையிலிருந்து திரும்பியிருந்தார்கள். மகள் சமையலறையில் கோப்பி போட்டுக்கொண்டிருந்தார். சின்யோரா மாடிமுகப்பை ஒட்டிய கூடத்தில், வெயிலுக்கு முகம் கொடுத்து அமர்ந்திருந்தார். காது மந்தமாயினும் நிலத்தின் அதிர்வு அவருக்குத் தெரியும்.

"நீனோ, யாரையெல்லாம் கூட்டி வருகிறாய்?"

யோகன் அவர் முன் முழந்தாளிட்டார். தம்மிடமிருந்த கொஞ்ச இத்தாலியனில், தடுக்கித் தடுக்கிச் சொன்னார்: "சின்யோரா, நீனோ ஒரு ஆள் இல்லை. நாங்கள் மூன்று பேர்."

அவர் சிரித்தார். "இப்போது உனக்குமா பிசகிவிட்டது?"

யோகன் அவருடைய கையை எடுத்துத் தம் தலைமேல் வைத்தார். "இது யோகன். காலையில் வருவது." அந்தக் கையை ராசன் வாங்கிக்கொண்டார். "இது ராசன்." பின்பு சிவம். மூன்றாவது தலையைத் தொட்டதும், நெருப்பில் பட்டதுபோல் சின்யோரா கையை இழுத்துக்கொண்டார். போர்வையைக் கழுத்துவரை ஏற்றினார்.

"என்னைக் கட்டிலில் தூக்கிக் கிடத்துவது யார்?"

"நான்," என்றார் சிவம்.

"தலை வாருவது?"

"நான்," என்றார் ராசன்.

"மாதாவே," என்றார் அவர். "என் வீட்டில் யார் யாரோ நடமாடியிருக்கிறார்கள்." அந்த அருவருப்பு அவருடைய உரிமை. அதைத் தணிக்கச் சொல் தேடாமல் நான் நின்றேன். பின்பு, காற்றை மோப்பம் பிடிப்பவர்போல் முகத்தை நிமிர்த்தினார்.

"பிள்ளையைப் பற்றி நான் யாரிடம் சொன்னேன்?"

"என்னிடம், சின்யோரா," என்றார் ராசன். "மெழுகுதிரி கொளுத்தச் சொன்னீர்கள். கொளுத்தினேன்."

"அப்படியானால் சொன்னேன்."

"சொன்னீர்கள்."

"சொன்னேன்!" அவர் கதிரையின் கையில் ஓங்கி அடித்தார். "சொன்னேன்! சொன்னேன்! கள்வர்களே, என் பணத்தை எடுத்திருந்தால் மன்னித்திருப்பேன். என் தலையையல்லவா எடுத்துக்கொண்டு போனீர்கள்! இரவெல்லாம் கிடந்து என் பெயரை எனக்கே சொல்லிப் பார்த்தேனே, அதுவும் மறந்துவிடுமோ என்று!"

கூச்சல் கேட்டு மகள் ஓடிவந்தார். மூவரையும் ஒருசேரக் கண்டதும் அவருக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை யோகன் சொன்னார். மகளின் முகம் கன்றிச் சிவந்தது. இப்போதே குவெஸ்தூராவுக்குப் போகிறேன், காவலர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று தோள்பையை எடுத்தார்.

"போவாய்," என்றார் தாய். "முதலில் எனக்குப் பதில் சொல். நான் சொன்னேன் என்றேன், நீனோ இல்லையென்றான். நீ யாரை நம்பினாய்?"

"மம்மா, நீங்கள் இல்லாத ஒரு பிள்ளையைப் பற்றி நீனோவிடம் பேசிக்கொண்டிருந்தீர்களாமே! பிள்ளைக்கு மெழுகுதிரி, பிள்ளைக்குப் பூசை என்று. எந்தப் பிள்ளை? அதைக் கேட்டுத்தானே நான் மருத்துவரிடம் ஓடினேன்!"

சின்யோரா பதில் சொல்லுமுன் தெருவில் ஒரு வியாபாரி கூவிக்கொண்டு கடந்து போனான்.

"உனக்கு முன் ஒருவன் பிறந்தான்," என்றார் அவர். "அழவில்லை. உன் அப்பா அவனைப் பற்றிப் பேசவேண்டாம் என்றார். நானும் பேசவில்லை. கண் போனபிறகு, இனி யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்ற துணிவில், ஒருவனிடம் சொன்னேன்."

மகளின் தோளிலிருந்து பை நழுவியது. அவர் அப்படியே தாயின் காலடியில் அமர்ந்துவிட்டார். குவெஸ்தூராவைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை. ராசனைப் பார்த்து, "எந்தப் பீடம்?" என்று மட்டும் கேட்டார்.

கன்னியர் இல்லத்து அறை வேண்டாமென்று மறுநாளே சொல்லப்பட்டது. ஆனால் எல்லாம் இனிதே முடிந்ததென்று எழுதினால் அது பொய். சிவம் அந்தப் படியில் மறுபடி ஏறவில்லை. "எந்தப் பிள்ளை" என்று கேட்ட வாயோடு எப்படி ஏறுவது என்று, ஜெனோவாக் கப்பலில் வடக்கே போய்விட்டார். பங்குத்தந்தையிடம் அந்தப் பதிலை இத்தாலியனில், யோகன் கேட்டிருக்க, ஒரு சொல்லும் குறைக்காமல் கொடுத்தேன். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்த ஆண்டு வேண்டாம்," என்றார். யோகன் தலையசைத்தார். ஞானத்தாயும் அதையே சொன்னார்: "நீனோவுக்கு நிற்கச் சம்மதித்தேன். யோகன் யாரென்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியட்டும்."

உங்களிடமும் கேட்பார்கள், மூன்று எப்படி ஒன்று என்று. எண்ணிக்கையைக் கொண்டு பதில் தேடாதீர்கள். நம் உவமைகளில் பெரும்பாலானவை எண்ணிக்கையைச் சரிப்படுத்திவிட்டு அன்பைத் தவறவிட்டுவிடுகின்றன. அந்த மூவரும் எண்ணிக்கையில் தவறவில்லை. மூவர்தான், ஒரு பெயர்தான். ஒருவர் பெற்றுக்கொண்டது மற்றவரைச் சென்றடையவில்லை, அதுதான் இல்லாமற்போனது. எவரிடம் மன்றாடினாலும் முழுவதும் கேட்கப்படுகிறது என்பதே இந்தப் பாடத்தின் நெஞ்சு. அப்படிக் கேட்கப்படாத ஒருத்திக்கு என்ன நேர்ந்தது என்பதை நான் கண்ணால் கண்டேன். அதன்பின் பழைய துதிப்பாக்களைப் பாடும்போதெல்லாம், முன்னிலையில் விளித்துப் பாடியவர்கள் எத்தகைய நம்பிக்கையில் வாய்திறந்தார்கள் என்று எண்ணி, பாதியில் பாட்டை நிறுத்தியிருக்கிறேன்.

சில மாதங்களின் பின், ஒரு மத்தியானம் அந்த வீட்டுப் படியேறினேன். யோகன் வேலை முடித்து வெளியே நின்றார். ராசன் உள்ளே போக வந்திருந்தார். சின்யோரா போட்ட நிபந்தனை அது: ஒருவரிடம் சொன்னது மற்றவருக்கு வாசலிலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அதன்பின்தான் கதவைத் தாண்டலாம்.

"காலமை என்ன சொன்னவ?"

"பிள்ளைக்கு வைக்க நினைச்ச பேரைச் சொன்னவ. பேந்து, மகள் வாற கிழமை தோடம்பழக் கேக் கொண்டு வாறாவாம், நல்லாயில்லாட்டியும் நல்லாயிருக்கெண்டு சொல்லட்டாம்."

"வேற?"

"உனக்கு மீசை இருக்கோ எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனீ?"

"இருக்கு, ஆனா சரிவரேல்லை எண்டு சொன்னனான்."

"உனக்கு வேற வேலையில்லை, அண்ணை."

இருவரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து கதிரையின் கையை விரலால் தட்டும் ஒலி வந்தது. பின்பு சின்யோராவின் குரல், பொறுமையிழந்து, ஒரு சிறு பெண்ணின் குரல்போல்:

"முடித்துவிட்டீர்களா, இல்லையா? சீக்கிரம் வாருங்கள். எனக்கு இன்னும் சொல்ல இருக்கிறது."